சங்கரா, செப்பிலி, நவரை: சிவப்பு மீன்களும் அவற்றின் பங்காளிப் பெயர்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் வீட்டில் மீன் வாங்குவது என் வேலை. அதனால் சொந்தக்காரர்களும் நண்பர்களும் மீன் கடையில் நின்றபடி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது என்ன மீன், வாங்கலாமா?" என்று கேட்பார்கள். அப்படி வரும் படங்களில் பாதிக்கு மேல் சிவப்பு மீன்தான். வஞ்சிரத்தையோ மத்தியையோ யாரும் தப்பாகச் சொல்வதில்லை. சிவப்பாக ஒன்று வந்துவிட்டால் போதும், கடைக்காரர் ஒரு பேர், ஆப் ஒரு பேர், கேரளத்து மருமகள் ஒரு பேர். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

சங்கரா என்று கேட்டால் எந்த மீன் தருவார்கள்?

சென்னையில் இரண்டில் ஒன்று வரும். ஒன்று, ஒரு சாண் நீளத்துக்குள், ரோஜா நிறத்தில், உடம்பில் மஞ்சள் கோடுகள் ஓடும் ஒல்லியான மீன். அறிவியலில் இதன் பேரினம் நெமிப்டெரஸ். இன்னொன்று, அகன்ற உடம்பும் பெரிய வாயும் கொண்ட, செங்கல் சிவப்பிலிருந்து ரத்தச் சிவப்பு வரை போகும் பெரிய மீன். இது லுட்ஜானஸ் பேரினம், ஆங்கிலத்தில் ஸ்னாப்பர் என்பது இதைத்தான். இரண்டும் வேறு வேறு குடும்பம். சின்னது எத்தனை வருஷம் வளர்ந்தாலும் பெரியதாக ஆகாது.

காசிமேட்டில் எனக்கு வழக்கமாக மீன் தரும் அக்காவிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "இன்னாக்கா, போன வாரம் சங்கரான்னு குடுத்தது வேற மாதிரி இருந்துச்சே?"

ஐஸை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "அதுவும் சங்கராதான், இதுவும் சங்கராதான்பா. அது சின்ன சங்கரா, இது பெரிய சங்கரா. மனுசங்கள்ல நெட்டை குட்டை இல்லியா?"

அவர் ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் சங்கரா என்பது சிவப்பாக, செதிலோடு, முள் அதிகம் தொந்தரவு செய்யாத, குழம்புக்கு ஏற்ற மீன்களின் பேர். பாத்திரத்தை வைத்துப் பார்த்தால் அது சரியான வகைப்பாடுதான். ஆனால் இரண்டுக்கும் கிலோவுக்கு விலை ஏணி வைத்தாலும் எட்டாத அளவு வித்தியாசம். உடம்புக்கு வரும் தொந்தரவிலும் வித்தியாசம் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். என் கட்சி இதுதான்: குழம்புக்கு ஊர்ப்பேர் போதும், காசும் வயிறும் சம்பந்தப்படும்போது போதாது.

கடையில் நின்ற இடத்திலேயே இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

நிறத்தைப் பார்க்காதீர்கள். முதலில் வாலைப் பாருங்கள். சின்ன சங்கராவில் நம் சந்தைக்கு அதிகம் வரும் வகைக்கு (நெமிப்டெரஸ் ஜப்போனிகஸ்) வாலின் மேல் நுனியிலிருந்து மஞ்சளாக ஒரு மெல்லிய நூல் நீண்டு தொங்கும். ஐஸில் புரண்டு அறுந்துபோயிருக்கலாம், பத்து மீனைப் புரட்டினால் இரண்டிலாவது இருக்கும். ஆங்கிலத்தில் இதை நூல்துடுப்பு மீன் என்று அழைக்கக் காரணமே அந்த நூல்தான்.

அடுத்து வாய். ஸ்னாப்பரின் வாயை விரலால் விரித்தால் முன்பக்கம் நாய்ப்பல் போல நான்கைந்து கூரான பற்கள் தெரியும். வெடுக்கென்று கடிக்கும் மீன், ஸ்னாப்பர் என்ற பேரும் அதனால்தான். சின்ன சங்கராவின் வாய் சாதுவானது. உடம்பை ஓரமாகப் பிடித்துப் பார்த்தால் ஸ்னாப்பர் தோளில் உயர்ந்து, முதுகு வளைந்து இருக்கும். சின்ன சங்கரா சுருட்டுப் போல நீளவாக்கில் இருக்கும்.

அளவை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஒரு இடத்தில் சறுக்கும். ஸ்னாப்பர் குஞ்சும் ஒரு சாண்தான் இருக்கும். பல்தான் காட்டிக்கொடுக்கும்.

செப்பிலி, செம்பல்லி, கெம்பேரி, தாம்புசா எல்லாம் ஒரே மீனா?

ஏறக்குறைய ஒரே கூட்டம். எல்லாம் ஸ்னாப்பர்களைச் சுட்டும் பேர்கள். செப்பிலி நம் கரையில், செம்பல்லி மலையாளத்தில், கெம்பேரி துளு பேசும் மங்களூரு பக்கம், தாம்புசா மராத்தியில். வரிசையாக உச்சரித்துப் பாருங்கள். செம் என்பது நமக்கும் மலையாளத்துக்கும் சிவப்பு, கெம்பு என்பது கன்னடத்தில் சிவப்பு, தாம்படா என்பது மராத்தியில் சிவப்பு. ஒருவரை ஒருவர் பார்க்காத மீனவர்கள் ஒரே மீனைப் பார்த்து ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மலாய்க்காரர்கள் இன்னும் நேராக "ஈக்கான் மேரா" என்கிறார்கள். ஈக்கான் என்றால் மீன், மேரா என்றால் சிவப்பு. முடிந்தது.

"ஏறக்குறைய" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தப் பேர்களுக்குள் பல இனங்கள் அடங்கும். மலபார் ஸ்னாப்பர் முழுச் சிவப்பு, ஒரு மீட்டர் வரை வளரும். சதுப்புநிலச் சிவப்பு ஸ்னாப்பர் செம்புப் பாத்திரம் மங்கியது போன்ற நிறம். குஞ்சாக இருக்கும்போது கழிமுகத்திலும் அலையாத்தி வேர்களுக்கு நடுவிலும் வாழ்ந்து, பெரியதானதும் கடலுக்குப் போய்விடும். எம்பரர் ஸ்னாப்பர் குஞ்சின் வெள்ளை உடம்பில் மூன்று செம்பழுப்புப் பட்டைகள் இருக்கும், வளர்ந்தால் பட்டை மங்கி முழுச் சிவப்பாகும். ஒரே மீனுக்குச் சிறு வயதில் ஒரு பேர், பெரிய வயதில் ஒரு பேர் விழுவது இப்படித்தான்.

விளமீனும் இதே சாதியா?

இல்லை, ஆனால் பக்கத்து வீடு. ராமநாதபுரம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் பக்கத்தவர்களுக்கு விளமீன் பழக்கமானது. இது லெத்ரினஸ் பேரினம். உடம்பு சாம்பலும் பச்சையும் கலந்திருக்கும், சில வகைகளில் வாய்க்குள் மட்டும் சிவப்பு, ஒரு வகையில் செவுள் மூடியின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு. அந்தச் சிவப்பைக் காட்டி இதையும் செப்பிலி என்று விற்பவர்கள் உண்டு. கன்னத்தைத் தடவிப் பாருங்கள். ஸ்னாப்பரின் கன்னத்தில் செதில் இருக்கும், விளமீனின் கன்னம் மொழுமொழுவென்று செதிலில்லாமல் இருக்கும். ருசியில் விளமீன் ஒன்றும் குறைந்ததில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ஸ்னாப்பரை ஒதுக்கிவிட்டு விளமீன்தான் வேண்டும் என்பார். நான் அவர் பக்கம்.

கேரளத்தில் கிளிமீன் என்று வாங்கினோம், ஊரில் கேட்டால் வேறு மீன் வருகிறதே?

நாம் சின்ன சங்கரா என்பதைத்தான் மலையாளிகள் கிளிமீன் என்கிறார்கள். வடக்கே போனால் புதியாப்ள கோரா, அதாவது மாப்பிள்ளை மீன், என்ற பேரும் அதற்கு உண்டு. ரோஜா நிறமும் மஞ்சள் கோடும் பட்டுச் சட்டை போட்ட மாப்பிள்ளையை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். மும்பையில் இதுவே ராணி.

நம் மன்னார் வளைகுடாக் கரையில் கிளிமீன் என்றால் பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும், கிளி மூக்கு போன்ற வாயுள்ள, பச்சையும் நீலமும் கலந்த மீன். ஆக, கன்னியாகுமரி தாண்டினால் ஒரே சொல் வேறு மீனாகிவிடுகிறது. கொச்சியில் கற்ற சமையல் குறிப்பை ராமேஸ்வரத்துக் கிளிமீனில் செய்துபார்த்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஏற்றுமதிக்காரர்களும் உறைமீன் பாக்கெட் போடுபவர்களும் இதற்கு இன்னொரு பேர் வைத்திருக்கிறார்கள்: பிங்க் பெர்ச். பிங்க் சரி, பெர்ச் என்பது ஐரோப்பாவின் நன்னீர் மீன். இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆப்பில் "ரெட் ஸ்னாப்பர் / சங்கரா" என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

சாய்வுக்கோடு இருக்கும் இடத்திலெல்லாம் நிறுத்திப் படியுங்கள். நான் ஒருமுறை அப்படி ஆர்டர் செய்தேன். படத்தில் தாம்பாளம் நிறைய ஒரு பெரிய சிவப்பு மீன். வீட்டுக்கு வந்த டப்பாவில் ஆறு சின்ன சங்கரா, வாலில் நூலோடு. போன் செய்தால், "சார், அதுவும் சங்கராதான்" என்றார் அந்தப் பையன், அக்கா சொன்ன அதே வார்த்தையில். அக்கா சொன்னபோது சிரித்தேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் விலை. அக்கா சின்னதைச் சின்னதின் விலைக்குத் தந்தார். இவர்கள் சின்னதைப் பெரியதின் விலைக்குத் தந்தார்கள்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. அங்கே ரெட் ஸ்னாப்பர் என்று ஒரே ஒரு இனத்தைத்தான் விற்கலாம் என்பது உணவு மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடு: லுட்ஜானஸ் கேம்பெச்சானஸ், மெக்சிகோ வளைகுடாவிலும் அதையொட்டிய அட்லாண்டிக்கிலும் வாழ்வது. 50 வயதைத் தாண்டி வாழக்கூடிய மீன், பிடிப்பதற்கு ஒதுக்கீடு உண்டு, அதனால் விலையும் அதிகம். வங்காள விரிகுடாவில் அது கிடையாது. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஊரில் ஒருவர்கூட ரெட் ஸ்னாப்பர் சாப்பிட்டதில்லை!

சட்டம் இருந்து என்ன? ஓஷியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கையில், கடைகளிலும் உணவகங்களிலும் ரெட் ஸ்னாப்பர் என்று வாங்கிய 120 மாதிரிகளை மரபணுச் சோதனை செய்தபோது 7 மட்டுமே உண்மையான ரெட் ஸ்னாப்பர். மீதியில் திலாப்பியாவும் பாறைமீன்களும் வேறு ஸ்னாப்பர்களும் இருந்தன. கலிபோர்னியாவில் செபாஸ்டிஸ் என்ற பேரினத்துப் பாறைமீன்களை "பசிபிக் ரெட் ஸ்னாப்பர்" என்று விற்கும் வழக்கம் வெகுநாளாக உண்டு. அது ஸ்னாப்பர் குடும்பமே இல்லை. தோலை உரித்துத் துண்டு போட்டுவிட்டால் எல்லாம் வெள்ளைச் சதை, யார் கண்டார்கள்?

அக்காவின் கூடையில் குறைந்தது தலையும் வாலும் இருக்கின்றன.

ரெட்ஃபிஷ் என்பது?

இது இன்னும் மோசம், ஏனென்றால் பேரில் நிறத்தைத் தவிர வேறொன்றுமே இல்லை. வட அட்லாண்டிக்கில் ரெட்ஃபிஷ் என்றால் செபாஸ்டிஸ் இனங்கள், ஆழத்தில் வாழ்ந்து முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும் மீன்கள். ஆஸ்திரேலியாவில் ரெட்ஃபிஷ் என்றால் வேறு குடும்பத்து மீன். அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் ரெட்ஃபிஷ் ஏரி என்று ஒன்று உண்டு. அது முட்டையிட வரும்போது சிவந்துபோகும் சாக்கை சால்மனால் வந்த பேர்.

லூசியானாவில் ரெட்ஃபிஷ் என்றால் ரெட் டிரம். இது நம் கத்தாளை, பன்னா மீன்களின் குடும்பம். நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருடோம் 1980-களின் தொடக்கத்தில் இதை மசாலா தடவிக் கருகக் கருக வாட்டி ஒரு பதார்த்தம் செய்தார். அது நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. வலை போட்டு அள்ளியதில் மீன் குறைந்துபோய், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மத்திய அரசின் கடற்பகுதியில் வணிகப் பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. கத்தாளைக்கு அப்படி ஒரு யோகம் நம் ஊரில் வாய்க்கவில்லை. கத்தாளைக்கு நல்லதுதான்.

நவரையும் சிவப்புதானே? அதையும் சங்கரா என்கிறார்களே?

நவரை தனிக் குடும்பம். நகரை என்றும் சொல்வார்கள். (நெல் விதைக்கும் நவரைப் பட்டத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.) தாடையின் அடியில் பாருங்கள், ஆட்டுத் தாடி போல இரண்டு மீசை இழைகள் இருக்கும். மணலைத் துழாவி இரை தேடும் விரல்கள் அவை. உயிரில்லாத மீனில் தாடைக்குக் கீழே பள்ளத்தில் ஒட்டி மறைந்திருக்கும், நகத்தால் நெம்பினால் எழும். முதுகுத் துடுப்பும் இரண்டாகப் பிரிந்திருக்கும். சங்கராவில் அது ஒரே நீளமாக ஓடும். பொடியாக இருந்தால் சங்கராக் கூறில் கலந்து வரும். நான் சண்டை போடுவதில்லை, நவரை வறுவலுக்கு அருமை.

இந்த மீனின் மத்திய தரைக்கடல் சொந்தக்காரனுக்குப் பெரிய வரலாறு உண்டு. பண்டைய ரோமானியப் பணக்காரர்கள் அதன் மேல் பைத்தியமாக இருந்தார்கள். சாகும்போது அதன் நிறம் சிவப்பிலிருந்து வெளிறி மாறிக்கொண்டே போகும். அதை விருந்தினர்கள் பார்ப்பதற்காகவே உயிரோடு கண்ணாடிப் பாத்திரத்தில் கொண்டுவந்து மேசையில் வைப்பார்களாம். தத்துவ அறிஞர் செனெகா இந்த வழக்கத்தைக் காறித் துப்பாத குறையாக எழுதியிருக்கிறார். அந்த மீனை ஆங்கிலத்தில் ரெட் மல்லெட் என்பார்கள். வெறும் மல்லெட் என்றால் மடவை! ஆங்கிலத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தோன்றும், உண்மையில் தூரத்து உறவுகூட இல்லை. இந்த ஒரு விஷயத்தில் தமிழ் தெளிவாக இருக்கிறது. நவரை நவரை, மடவை மடவை.

முட்டைக்கண் சிவப்பு மீன் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே?

ப்ரியகாந்தஸ் என்ற பேரினம். கண் முகத்தில் பாதி இருக்கும், உடம்பு முழுக்கச் சிவப்பு, தோல் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். துறைக்குத் துறை பேர் மாறும். விசைப்படகின் இழுவலையில் ஆழத்திலிருந்து வருவது. செதிலைச் சுரண்ட முயன்றால் விரல்தான் புண்ணாகும், தோலோடு உரித்துவிடச் சொல்லுங்கள். சதை வெள்ளையாக, நன்றாகவே இருக்கும்.

இதையும் சின்ன சங்கராவையும் நீங்கள் தெரியாமலே சாப்பிட்டிருக்கலாம். இரண்டின் சதையையும் அரைத்து, அலசி, சுரிமி என்ற மீன் மாவாக ஏற்றுமதி செய்கிறார்கள். சங்கரா வகைச் சுரிமிக்கு ஜப்பானியப் பேர் இதோயோரி. "நண்டுக் குச்சி" என்று ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசி வருகிறதே, அது இப்படிப்பட்ட சுரிமிதான். சிவப்பு மீனின் சிவப்பை எடுத்துவிட்டு வேறு சிவப்பைப் பூசி நண்டு என்கிறார்கள்.

இத்தனை மீன்கள் ஏன் சிவப்பாக இருக்கின்றன?

சிவப்பு அவற்றின் சொந்தச் சரக்கு இல்லை, சாப்பாட்டில் வந்தது. அஸ்டாசாந்தின் போன்ற கரோட்டினாய்டு நிறமிகளை மீன் தன் உடம்பில் புதிதாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. இறாலையும் நண்டையும் தின்று சேர்த்துக்கொள்கிறது. இறாலை வேகவைத்தால் சிவக்கிறதே, அதே சரக்கு.

கடலுக்குள் போகப் போக வெளிச்சத்தில் முதலில் மறைவது சிவப்பு. சில பத்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே சிவப்பு மீன் சிவப்பாகத் தெரியாது, கறுத்த நிழலாகத் தெரியும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பது அங்கே ஒளிந்துகொள்ளும் உடுப்பு. ஒன்றுக்கொன்று உறவில்லாத குடும்பங்கள் ஆழத்துக்குப் போனதும் ஒரே நிறத்துக்கு வந்து சேர்ந்ததும், மேலே வந்ததும் ஒரே பேரை வாங்கிக்கொண்டதும் இதனால்தான்.

ஜப்பானில் பண்ணையில் வளர்க்கும் சிவப்பு மீன் வெயில் பட்டால் கறுத்துவிடுகிறது என்று கூண்டின் மேல் கறுப்புத் துணி கட்டி நிழல் கொடுக்கிறார்கள். தீனியிலும் நிறமி சேர்க்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் பெண்ணை வெயிலில் போகாதே என்று சொல்லும் அம்மாக்கள்தான் எனக்கு ஞாபகம் வருவார்கள்.

ஜப்பானில் ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள்?

அது மதாய், ஜப்பானிய விருந்துகளின் ராஜா. தாய் என்பது மீனின் பேர், மெதெதாய் என்றால் மங்களகரமான என்று பொருள். சொல்லிலும் மங்களம் ஒலிக்கிறது, நிறமும் மங்களம், அதனால் சுபகாரியங்களில் முழு மீனாகப் படைப்பார்கள். இதன் மவுசைப் பார்த்து உறவே இல்லாத மீன்களுக்கும் தாய் என்று வால் ஒட்டினார்கள்: கின்மெதாய், அமாதாய், இன்னும் எத்தனையோ. இப்படிப் பெருமையை ஒட்டிக்கொண்ட மீன்களுக்கே "அயாகாரி தாய்" என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். திலாப்பியாகூட அங்கே ஒரு காலத்தில் இசுமிதாய் என்று விற்பனைக்கு வந்தது. அதுதான் நம் ஊர் ஜிலேபி மீன், அதை அந்த வேஷத்தில் நினைத்துப் பாருங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் போன தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வெறும் ஸ்னாப்பர் என்று விற்பது இந்த மதாயின் நெருங்கிய சொந்தம், நம் செப்பிலியின் குடும்பம் அல்ல. ருசி வேறாக இருக்கிறதே என்று உங்கள் மசாலாவைக் குறை சொல்லாதீர்கள்.

சிங்கப்பூர் மீன்தலைக் கறியில் என்ன மீன்?

ஈக்கான் மேரா, அதாவது செப்பிலி வகைதான். கேரளத்திலிருந்து போன எம்.ஜே. கோமஸ் என்ற உணவகக்காரர் 1949 வாக்கில் இதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். மீன் தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்கு நம் புளிக்குழம்பில் போட்டுக் கொடுத்தார். பிறகு லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலைத் தமிழ்க் கடைகள் அதைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டன. சின்ன சங்கரா வைத்து இந்தக் கறியைச் செய்ய முடியாது. கன்னத்துச் சதைதான் விஷயமே, சின்னதின் கன்னத்தில் ஒரு பருக்கை அளவுகூட இருக்காது.

சிவப்பு மீனில் விஷம் இருக்கும் என்று ஒரு செய்தி படித்தேன். நிஜமா?

எல்லாவற்றிலும் இல்லை. 2016-இல் மங்களூருவில் சிவப்பு ஸ்னாப்பர் தலை சாப்பிட்ட பலர் ஒரே நேரத்தில் மருத்துவமனைக்கு வந்தார்கள். சிகுவாடெரா என்ற நச்சு என்று மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பவளப்பாறைகளில் படிந்து வளரும் ஒரு நுண்ணுயிரில் இந்த நச்சு தொடங்குகிறது. பாசி மேயும் சின்ன மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று ஏறிக்கொண்டே போய், பாறையில் வாழும் பெரிய வேட்டை மீன்களில் சேர்கிறது. தலை, ஈரல், சினையில் அதிகம். கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மணத்திலோ ருசியிலோ தெரியாது.

வாந்தி, வயிற்றுப்போக்கு, உதடும் விரலும் மரத்துப்போதல், எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர்ந்த தண்ணீர் தொட்டால் சுடுவது போல இருப்பது: இந்தக் கடைசி அறிகுறி வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், என்ன மீன் சாப்பிட்டோம் என்பதையும் சொல்லுங்கள். மிச்சத்தைத் தூக்கி எறியாமல் வையுங்கள்.

பேர் குழப்பம் வலிப்பது இங்கேதான். இந்தத் தொந்தரவில் உலகம் முழுக்க அடிக்கடி பேர் அடிபடுவது லுட்ஜானஸ் போஹார் என்ற பவளப்பாறை ஸ்னாப்பர். நாசியிலிருந்து கண் வரை ஒரு பள்ளக் கோடு போட்டது போல இருக்கும், இளம் மீனின் முதுகில் இரண்டு வெள்ளிப் பொட்டுகள். செய்தி வந்ததும் என் பெரியம்மா சங்கராவையே நிறுத்திவிட்டார். அவர் வாங்குவது சேற்றுத் தரையில் இழுவலையில் வரும் சின்ன சங்கரா. அதற்கும் பவளப்பாறைக்கும் சம்பந்தமே இல்லை. புரியவைக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

நிறம் மங்கியிருந்தால் பழைய மீனா?

அவ்வளவு சுலபமில்லை. ஐஸ் உருகிய தண்ணீரில் கிடந்தாலே மேல் சிவப்பு வெளுக்கும், உள்ளே மீன் நன்றாக இருக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், அது பழுப்பாகி வழவழத்தால் விட்டுவிடுங்கள். பெரிய ஸ்னாப்பரின் வாயிலிருந்து பலூன் மாதிரி ஏதோ துருத்திக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஆழத்திலிருந்து தூண்டிலில் சட்டென்று மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் காற்றுப்பை விரிந்து இரைப்பையை வெளியே தள்ளிவிடும். பார்க்க அருவருப்பு, ஆனால் ஆழ்கடல் தூண்டில் மீன் என்பதற்கு அதுவே சான்றிதழ்.

எதை எதற்கு வாங்குவது?

சின்ன சங்கரா: குழம்பு. சதை பூப்போல, அதனால் புளியும் மிளகாயும் நன்றாகக் கொதித்து எண்ணெய் மிதந்த பிறகு கடைசியில் போட்டு, கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி இறக்குங்கள். கரண்டி போட்டால் முள் தனி, சதை தனி. பெரியது: தலையைக் குழம்புக்கும் நடுத்துண்டை வறுக்கவும். நவரை: மிளகாய்த்தூளும் உப்பும் தடவி அரைமணி ஊறவிட்டு, தோசைக்கல்லில்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது சின்ன சங்கரா அரிதாகும், நாட்டுப் படகுத் தூண்டிலில் வரும் செப்பிலியும் விளமீனும்தான் கண்ணில் படும். தடைக்காலத்தில் சின்ன சங்கரா மலைபோல் குவிந்திருந்தால், எங்கிருந்து, எத்தனை நாள் ஐஸில் வந்தது என்று கேளுங்கள்.

ஏரி வவ்வால் என்று சிவந்த வயிற்றோடு ஒன்று வருகிறதே?

அது ரூப்சந்த். தென்னமெரிக்க நன்னீர் மீன், குளத்தில் வளர்ப்பது. பிரானாவின் சொந்தக்காரன், வவ்வாலுக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை. பல்லைப் பாருங்கள், மனிதப் பல் மாதிரி இருக்கும். மலிவு, சாப்பிடலாம், வவ்வால் விலை கொடுக்காதீர்கள்.

அப்படியானால் அறிவியல் பெயரையே சொல்லிவிட்டால் குழப்பம் தீருமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் மீன் விற்கும்போது வணிகப் பேரோடு அறிவியல் பேரையும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல ஏற்பாடு. நம் ஊரில் பாக்கெட் மீனுக்காவது வரலாம். ஆனால் அக்காவிடம் போய் லுட்ஜானஸ் கொடுங்கள் என்றால் என்னைத் துரத்திவிடுவார்.

ஒரு வேடிக்கை. லுட்ஜானஸ் என்பதே லத்தீன் இல்லை. "ஈக்கான் லுட்ஜாங்" என்ற மலாய்ப் பேரை எடுத்து 1790-இல் பெர்லினில் மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவர் லத்தீன் வால் ஒட்டினார். அவருக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன்களைப் பதப்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி. அந்த நன்றிக்குப் பிளாக் ஒரு ஸ்னாப்பருக்கு ஜானின் பேரை வைத்தார், இன்று அதன் பேர் லுட்ஜானஸ் ஜானி. உடம்பில் ஒரு கறுப்புப் பொட்டு உள்ள, பொன்னிறம் கலந்த மீன் அது.

சரி, கடையில் என்ன கேட்க வேண்டும்?

பேரைக் கேட்காதீர்கள், மூன்று விஷயம் கேளுங்கள். தூண்டிலா வலையா? எந்தத் துறை? வெட்டுவதற்கு முன் முழு மீனைக் காட்டுவீர்களா? போன ஞாயிறு நான் கேட்டபோது அக்கா பதில் சொல்லாமல் ஒரு மீனை வால் பிடித்துத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் நூல் அறுபடாமல் தொங்கியது. "நூலு இருக்கா? போதுமா? இப்ப பையை நீட்டு."